இரட்டை விலேன் டேக்: பிங் ஓடியும் போக்குவரத்து பிரியாத ஒரு மெய்நிகர் ஆய்வகம்

பின்னணி

நடுத்தர அளவிலான ஓர் இணையச் சேவை நிறுவனம், தன் சுவிட்ச் வலையமைப்பின் வழியாக இரண்டு வாடிக்கையாளர்களின் கிளை அலுவலகங்களை இரண்டாம் அடுக்கிலேயே, அதாவது சுவிட்சுகளின் மட்டத்திலேயே, இணைத்துத் தரும் சேவையைத் தொடங்கவிருந்தது. இரு வாடிக்கையாளர்களும் தத்தம் அலுவலகங்களுக்குள் 10, 20 என்ற அதே விலேன் எண்களை (ஒரே சுவிட்சைத் தனித்தனி வலையமைப்புகளாகப் பிரிக்கும் எண்கள்) நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்தனர். அந்த எண்களை மாற்றச் சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாதது. ஒருவர் மாற்ற இசைந்தாலும், அடுத்து வரும் வாடிக்கையாளரிடமும் அதே சிக்கல் எழும். விலேன் எண்ணுக்கு ஒதுக்கப்பட்டவை 12 பிட்டுகளே. 4096 எண்களில் 0, 4095 ஆகிய இரண்டும் தனிப் பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்டிருப்பதால் மிஞ்சுவது 4094. இந்தச் சிறிய இடத்தை எல்லா வாடிக்கையாளர்களுக்கும் பங்கிட்டுக் கொடுக்க இயலாது.

இதற்கான முறையான தீர்வு இரட்டை டேக். வாடிக்கையாளரின் ஃபிரேமில் (சுவிட்சுகள் கடத்தும் தரவுத் தொகுதி) ஏற்கெனவே உள்ள டேக்கை, அதாவது விலேன் எண்ணைத் தாங்கும் குறியை, தொடாமல், அதற்கு வெளியே சேவை நிறுவனம் தன் டேக் ஒன்றைச் சேர்த்து அனுப்பும். மறுமுனையில் அதை மட்டும் கழற்றிவிடும். 2005-இல் ஒப்புதல் பெற்ற 802.1ஏடி திருத்தம் இதை வரையறுத்தது. 2011 பதிப்பில் அது 802.1கியூ தரத்துக்குள்ளேயே சேர்க்கப்பட்டது. ஒவ்வொரு டேக்கும் 4 பைட்டுகள் கொண்டது. முதல் 16 பிட்டுகள் டேக்கின் வகையைச் சொல்கின்றன. அடுத்த 3 பிட்டுகள் முன்னுரிமை, 1 பிட்டு நெரிசலில் கைவிடத்தக்கதா என்பதற்கான குறி, எஞ்சிய 12 பிட்டுகள் விலேன் எண். வாடிக்கையாளர் டேக்கின் வகை எண் பதினறும முறையில் 8100; சேவை நிறுவன டேக்கின் வகை எண் 88ஏ8. இந்த இரண்டு வகை எண்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடுதான் இந்த நிகழ்வின் மையம் என்பதால், அதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

பொறுப்பேற்ற அணியில் மூத்த பொறியாளர் ஒருவரும், பணியில் சேர்ந்து அதிக காலம் ஆகாத இளம் பொறியாளர்கள் இருவரும் இருந்தனர். ஓடிக்கொண்டிருக்கும் வலையமைப்பில் சோதிக்க அனுமதி இல்லை. உபரிச் சுவிட்சுகளும் கையில் இல்லை. ஆகவே முழு வடிவமைப்பையும் முதலில் ஒரு மெய்நிகர் ஆய்வகத்தில் கட்டிப் பார்ப்பது என்று முடிவானது.

ஆய்வகத்தின் அமைப்பு

ஒரே லினக்ஸ் சர்வரில், தனித்தனி நெட்வொர்க் நேம்ஸ்பேஸ்களாக (ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்த வலையமைப்புச் சூழல்கள்) கருவிகள் உருவாக்கப்பட்டன. அவற்றை இணைக்கும் கம்பிகளாக வீத் இணைகள் பயன்பட்டன. கிழக்கு விளிம்பு, மேற்கு விளிம்பு என இரண்டு விளிம்புச் சுவிட்சுகள், அவற்றுக்கு நடுவே ஒரு நடுச் சுவிட்ச், ஒவ்வொரு விளிம்பிலும் முதல் வாடிக்கையாளருக்கும் இரண்டாம் வாடிக்கையாளருக்கும் ஒவ்வொரு முனை. சுவிட்ச் தயாரிப்பாளர்களின் மெய்நிகர்ப் படிமங்களை விடுத்து, மென்பொருள் சுவிட்சான லினக்ஸ் பிரிட்ஜைத் தேர்ந்ததற்குக் காரணம் செலவு மட்டுமன்று. அதன் உள்நிலையை, அதாவது எந்த மேக் முகவரி (கருவியின் வன்பொருள் முகவரி) எந்த விலேனில் எந்தப் போர்ட்டில் கற்கப்பட்டிருக்கிறது என்பதைத் தடையின்றிப் பார்க்க முடியும். கெர்னலின் 3.10 பதிப்பிலிருந்து 802.1ஏடி வகைத் துணை இடைமுகங்களும், 3.16 பதிப்பிலிருந்து அதே வகையில் இயங்கும் பிரிட்ஜும் கிடைக்கின்றன என்பதால், வேறு மென்பொருள் எதுவும் தேவைப்படவில்லை.

விளிம்புச் சுவிட்சில் செய்ய வேண்டியது குறைவு. பிரிட்ஜில் விலேன் வடிகட்டலை இயக்கி, அதன் விலேன் நெறிமுறையை 802.1ஏடி என்று வைக்க வேண்டும். முதல் வாடிக்கையாளரின் போர்ட்டுக்கு 100, இரண்டாமவரின் போர்ட்டுக்கு 200 என்று பிவிஐடி (டேக் இன்றி வரும் ஃபிரேமுக்குப் போர்ட் தரும் விலேன் எண்) கொடுத்து, வெளியேறும்போது டேக்கைக் கழற்றச் சொல்ல வேண்டும். நடுச் சுவிட்சை நோக்கிய போர்ட்டில் 100, 200 இரண்டும் டேக்குடன் செல்ல அனுமதிக்க வேண்டும். இவ்வாறு அமைத்த பிரிட்ஜ், 8100 வகை டேக்குடன் வரும் ஃபிரேமைத் தன் கண்ணுக்கு டேக் இல்லாத ஃபிரேமாகவே கருதும். தன் நெறிமுறைக்கு உரிய வகை அதுவன்று என்பதால், அந்த டேக்கை ஃபிரேமின் உடலுக்குள் விட்டுவிட்டு, போர்ட்டின் பிவிஐடியை வெளி டேக்காக ஏற்றும். இரட்டை டேக் விளைவது இந்தப் பொருந்தாமையால்தான். இந்த நுட்பம் இளம் பொறியாளர்களுக்குப் பிடித்திருந்தது. அதே நுட்பம் தவறான இடத்திலும் அமைதியாக இயங்கும் என்பது பின்னர்தான் தெரிய வந்தது.

நடுச் சுவிட்சுக்கான அமைப்பு, முன்பு ஒற்றை டேக் ட்ரங்க் (பல விலேன்களை ஒரே கம்பியில் கடத்தும் இணைப்பு) பயிற்சிக்காக எழுதப்பட்ட ஸ்கிரிப்டிலிருந்து எடுக்கப்பட்டது. அதில் விலேன் வடிகட்டல் இருந்தது. 100, 200 எண்களும் இரு போர்ட்டுகளிலும் சேர்க்கப்பட்டன. நெறிமுறை பற்றிய வரி மட்டும் அதில் இல்லை.

முதல் நோக்கு

எல்லா முனைகளும் எழுந்தவுடன், முதல் வாடிக்கையாளரின் கிழக்கு முனையிலிருந்து மேற்கு முனைக்கு விலேன் 10 வழியே பிங் அனுப்பப்பட்டது, பதில் வந்தது. விலேன் 20, இரண்டாம் வாடிக்கையாளரின் 10, 20 என எல்லாவற்றிலும் அவ்வாறே. நடுச் சுவிட்சின் போர்ட்டில், கடக்கும் ஃபிரேம்களைப் பதிவு செய்யும் டிசிபி-டம்ப் கொண்டு, இணைப்பு அடுக்கின் தலைப்பையும் காட்டச் சொல்லிப் பதிவு எடுத்தபோது, வெளியே 88ஏ8 வகையில் விலேன் 100, உள்ளே 8100 வகையில் விலேன் 10, அதற்குள் ஐபி பாக்கெட் எனப் பாடநூலில் உள்ளபடியே காட்சி இருந்தது. நீளமும் சரியாகப் பொருந்தியது: டேக் இல்லாத வழக்கமான பிங் ஃபிரேம் 98 பைட்; ஒரு டேக்குடன் 102; இரண்டு டேக்குடன் 106. திரையில் 106 என்றே இருந்தது.

இந்தக் கட்டத்தில் ஒரு சிறு தடுமாற்றம் ஏற்பட்டது. இரட்டை டேக்கில் முதன்முறை இறங்குபவர் எவருக்கும் இது நேரும். பிங் பயன்படுத்தும் நெறிமுறையான ஐசிஎம்பி என்று மட்டும் வடிகட்டி எழுதினால் டிசிபி-டம்ப் எதையும் காட்டாது, ஏனெனில் அது டேக் இல்லாத ஃபிரேமின் இடங்களிலேயே தேடுகிறது. விலேன் 10 என்று கேட்டாலும் வராது. வெளியே இருப்பது 100. முதலில் விலேன் 100, பிறகு விலேன் 10, பிறகு ஐசிஎம்பி என்று வெளியிலிருந்து உள்நோக்கிய வரிசையில் கேட்க வேண்டும்.

பெரிய பாக்கெட்டுகள் நின்ற இடம்

அடுத்து, முனைகளுக்கு இடையே ஒரு பெரிய கோப்பை நகலெடுக்க முயன்றபோது, இணைப்பு உருவாகி, நகல் தொடங்கி, அப்படியே உறைந்து நின்றது. துண்டாக்கலைத் தடுத்து, பிங்கின் அளவைக் கூட்டிக் குறைத்துப் பார்த்ததில் எல்லை துல்லியமாகத் தெரிந்தது. 1468 பைட் உள்ளடக்கம் கொண்ட பிங் சென்றது. முழு அளவான 1472 செல்லவில்லை. வித்தியாசம் 4 பைட், அதாவது ஒரு டேக்கின் நீளம். இரண்டாம் அடுக்குக் கருவி அளவு மீறிய ஃபிரேமைக் கைவிடும்போது அனுப்பியவருக்கு எந்த அறிவிப்பும் தருவதில்லை என்பதால், டிசிபி இணைப்புகள் பிழைச் செய்தி ஏதுமின்றி மறு அனுப்புதலிலேயே காத்துக் கிடந்தன.

அணி எடுத்த முடிவு, நடுச் சுவிட்சின் போர்ட்டுகளிலும் அவற்றை எதிர்கொள்ளும் விளிம்புப் போர்ட்டுகளிலும் எம்டியூவை, அதாவது ஓர் இடைமுகம் ஏற்கும் மிகப் பெரிய பாக்கெட்டின் அளவை, 1500-இலிருந்து 1504 ஆக உயர்த்துவது. அதன்பின் 1472 சென்றது, கோப்பும் நகலானது. அன்றைய நிலையில் இந்த முடிவுக்கு நியாயம் இருந்தது. இரட்டை டேக் கூடுதலாக 4 பைட் கேட்கும் என்பது அனைவரும் அறிந்தது. சரிபார்ப்புத் தொகையையும் சேர்த்தால் ஃபிரேமின் மிகுநீளம் 1518, 1522, 1526 என்று வளர்வது எந்தக் கையேட்டிலும் இருக்கும். எதிர்பார்த்த குறை, எதிர்பார்த்த அளவில், எதிர்பார்த்த மருந்துக்குக் கட்டுப்பட்டது. ஆனால் ஃபிரேம் கைவிடப்பட்டது எந்தக் கருவியில், ஏன் அங்கே மட்டும் என்ற கேள்வி கேட்கப்படவில்லை. விளிம்புச் சுவிட்சும் அதே இரட்டை டேக் ஃபிரேமைத்தான் அதே 1500 எம்டியூவுடன் வெளியே அனுப்பியது; அது மறுக்கவில்லை. அந்த முரண் அப்போதே கண்ணில் பட்டிருந்தால் அடுத்து வந்த குழப்பம் நேர்ந்திராது.

ஒரே மேக் முகவரி இரண்டு இடங்களில்

சோதனைத் திட்டத்தில் மூத்த பொறியாளர் வலியுறுத்திச் சேர்த்திருந்த ஒன்று விஆர்ஆர்பி, அதாவது ஒரு ரௌட்டர் செயலிழந்தால் மற்றொன்று அதன் முகவரியை ஏற்கும் நெறிமுறை. இரண்டு வாடிக்கையாளர்களும் தங்கள் கேட்வேக்கு (வெளியே செல்லும் வாயிலான ரௌட்டர்) பாதுகாப்பாக அதைப் பயன்படுத்தினர். இருவரின் குழு எண்ணும் 1. விஆர்ஆர்பியின் மெய்நிகர் மேக் முகவரி நிலையான முன்னொட்டுடன் குழு எண்ணைச் சேர்த்து அமைவதால், குழு 1 எங்கு இருந்தாலும் அதன் முகவரி 00-00-5இ-00-01-01 தான். தொடர்பே இல்லாத இரண்டு நிறுவனங்களின் கேட்வேக்கள், சேவை நிறுவனத்தின் வலையமைப்புக்குள் ஒரே மேக் முகவரியுடன் நுழையும். வெளி டேக் உண்மையில் பிரிக்கிறதா என்பதற்கு இதைவிட நேர்மையான சோதனை இல்லை.

இதற்காக முனைகளில் விஆர்ஆர்பியை இயக்கும் கீப்பலைவ்டு மென்பொருள் நிறுவப்பட்டது. அது தன் இயல்பான அமைப்பில் மெய்நிகர் மேக் முகவரியைப் பயன்படுத்துவதில்லை. இடைமுகத்தின் சொந்த முகவரியையே வைத்துக்கொண்டு ஏஆர்பி (ஐபி முகவரிக்கு உரிய மேக் முகவரியைச் சொல்லும் நெறிமுறை) அறிவிப்பால் சமாளிக்கும். மெய்நிகர் முகவரியைப் பயன்படுத்துமாறு தனியே கட்டளையிட வேண்டும். அதைச் செய்யாமல் விட்டிருந்தால் இந்தச் சோதனை பொருளற்றதாகியிருக்கும்.

முதல் வாடிக்கையாளரின் கேட்வே கிழக்கிலும், இரண்டாமவருடையது மேற்கிலும் முதன்மையாக இருக்குமாறு அமைத்தபோது, முதல் வாடிக்கையாளரின் மேற்கு முனையிலிருந்து கேட்வேக்குச் சென்ற பிங் விட்டுவிட்டு அறுந்தது. சில நொடிகள் பதில் வரும். சில நொடிகள் வராது. எம்டியூ, ஏஆர்பி, கீப்பலைவ்டின் பதிவு என எல்லாம் பார்த்தாயிற்று. பின்னர் இளம் பொறியாளர்களில் ஒருவர் இரண்டாம் வாடிக்கையாளரின் விஆர்ஆர்பியை நிறுத்தினார். முதல் வாடிக்கையாளரின் இழப்பு உடனே நின்றது. மீண்டும் இயக்கியதும் இழப்பு திரும்பியது. ஒருவரின் அமைப்பு மற்றவரின் போக்குவரத்தைத் தொடக்கூடாது என்பதற்காகவே கட்டப்பட்ட வலையமைப்பில் அது தொட்டது.

காரணம் வெளிப்பட்ட விதம்

போர்ட்டுகளில் எடுத்த பதிவுகள் எந்தக் குறையையும் காட்டவில்லை. நடுச் சுவிட்சுக்குள் நுழையும் ஃபிரேமில் 88ஏ8, 100, 10; வெளியேறும் ஃபிரேமிலும் அவையே. உள்ளே போனதும் வெளியே வந்ததும் ஒன்றாக இருந்ததால், நடுவில் நடப்பதும் சரியே என்ற எண்ணம் வலுப்பட்டது.

மூத்த பொறியாளர் பதிவை விட்டுவிட்டு, நடுச் சுவிட்சின் மேக் அட்டவணையைப் பட்டியலிடச் சொன்னார். அதில் விலேன் 100 என்றோ 200 என்றோ கற்கப்பட்ட முகவரி ஒன்றுகூட இல்லை. எல்லா முகவரிகளும் விலேன் 1-இன் கீழ் இருந்தன. சிக்கலான முகவரியோ, பட்டியலை மீண்டும் மீண்டும் அழைக்கும்போது கிழக்குப் போர்ட்டுக்கும் மேற்குப் போர்ட்டுக்கும் மாறிக்கொண்டே இருந்தது. அதன்பின் பிரிட்ஜின் விரிவான விவரங்களைக் கேட்டதும், விலேன் நெறிமுறை என்ற இடத்தில் 802.1கியூ என்று இருந்தது. போர்ட்டுகளின் விலேன் பட்டியலைக் காட்டும் வழக்கமான கட்டளை இந்த நெறிமுறையைக் காட்டுவதில்லை. அதில் 1, 100, 200 என்று எல்லாம் ஒழுங்காகத் தெரிந்ததால், அதுவரை எவருக்கும் ஐயம் எழவில்லை.

நடந்தது இதுதான். 802.1கியூ நெறிமுறையில் இயங்கும் பிரிட்ஜுக்கு 88ஏ8 வகை டேக் அந்நியமானது. விளிம்பில் 8100 டேக்குக்கு நேர்ந்ததே இங்கே 88ஏ8 டேக்குக்கு நேர்ந்தது: பிரிட்ஜ் அதை ஃபிரேமின் உடலுக்குள் திருப்பித் தள்ளிவிட்டு, டேக் இல்லாத ஃபிரேமாகக் கருதி, போர்ட்டின் பிவிஐடிக்கு உரியதாக எடுத்துக்கொண்டது. லினக்ஸ் பிரிட்ஜில் இயல்பான பிவிஐடி 1. புதிதாகச் சேரும் ஒவ்வொரு போர்ட்டும் விலேன் 1-இல் டேக் இல்லாத உறுப்பினராகச் சேர்கிறது. எனவே இரு வாடிக்கையாளர்களின் எல்லா ஃபிரேம்களும் விலேன் 1 வழியே சென்று, வெளியேறும்போது விலேன் 1 டேக் இன்றி, உடலுக்குள் இருந்த இரண்டு டேக்குகளும் சிதையாமல் வெளிவந்தன. 100-உம் 200-உம் அனுமதிக்கப்பட்டிருந்தும் அவற்றை நடுச் சுவிட்ச் ஒருமுறைகூடப் படிக்கவில்லை.

எம்டியூக் குறையும் இதே வேரிலிருந்து முளைத்ததுதான். லினக்ஸ் கெர்னல் ஃபிரேமின் மிக வெளியே உள்ள டேக்கை உடலிலிருந்து பிரித்துத் தனியே குறித்து வைத்துக்கொள்கிறது. ஃபிரேமைக் கடத்தலாமா என்று நீளத்தை அளக்கும்போது, தலைப்பின் 14 பைட்டுக்கும் எம்டியூவுக்கும் மேல் 4 பைட் சலுகையும் தருகிறது. 1500 எம்டியூவுக்கு அந்த எல்லை 1518. சரியான நெறிமுறையில் இயங்கும் விளிம்பில், வெளி டேக் தனியே இருப்பதால் உடலின் நீளம் சரியாக 1518, அது கடக்கிறது. நடுச் சுவிட்சிலோ வெளி டேக்கும் உடலுக்குள் தள்ளப்பட்டதால் 1522 ஆகிவிட்டது, அங்கே விழுந்தது. 4 பைட் கணக்கு எதிர்பார்த்த எண்ணோடு ஒத்துப்போனதுதான் அணியைத் திசைதிருப்பியது. அறிகுறிக்கும் கோட்பாட்டுக்கும் எண் ஒத்துப்போவதை நோயறிதலாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் வலையமைப்புத் துறையில் பரவலாக இருக்கிறது. இந்த நிகழ்வை எழுதத் தூண்டியதில் அதற்கும் பங்கு உண்டு.

உறுதிப்படுத்துவதற்காக மூன்றாவது விளிம்பு ஒன்று சேர்க்கப்பட்டது. அதை நோக்கிய நடுச் சுவிட்சின் போர்ட்டில் விலேன் 200 மட்டும் கூடுதலாக அனுமதிக்கப்பட்டது. இயல்பான விலேன் 1 மற்றப் போர்ட்டுகளைப் போலவே அதிலும் இருந்தது. முதல் வாடிக்கையாளரின் முனையிலிருந்து ஏஆர்பி ஒளிபரப்பு அனுப்பியதும், அது 100 என்ற வெளி டேக்குடன் இந்தப் புதிய கம்பியிலும் தெரிந்தது. விளிம்பில் 100 இல்லாததால் அது அங்கே கைவிடப்பட்டது உண்மைதான். ஆயினும் நடுவில் பிரிப்பு என்பதே இல்லை என்பதற்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

நடுச் சுவிட்சின் நெறிமுறை 802.1ஏடி ஆக்கப்பட்டது. மேக் அட்டவணையில் முகவரிகள் 100, 200 ஆகியவற்றின் கீழ் தனித்தனியே அமர்ந்தன. ஒரே மெய்நிகர் முகவரி இரண்டு விலேன்களிலும் இரு வேறு போர்ட்டுகளில் சலனமின்றி நின்றது. பிங் இழப்பு மறைந்தது. மூன்றாம் விளிம்பின் கம்பியில் முதல் வாடிக்கையாளரின் ஃபிரேம் எதுவும் வரவில்லை.

அத்துடன் நிற்காமல், எம்டியூ வேண்டுமென்றே 1500-க்குத் திருப்பப்பட்டது. முன்பு கொடுத்த மருந்து தேவையானதா என்று அறிய வேண்டும் என்பது மூத்த பொறியாளரின் நிலைப்பாடு. 1472 பைட் பிங் 1500 எம்டியூவிலேயே சென்றது. ஆகவே அந்த மாற்றம் குறையைத் தீர்க்கவில்லை, மறைத்திருந்தது என்பது உறுதியாயிற்று. அதே வேளையில், இதிலிருந்து தவறான முடிவுக்கு வந்துவிடக் கூடாது என்பதும் பதிவு செய்யப்பட்டது: ஆய்வகத்தில் 1500 போதுமானதாக இருப்பது கெர்னலின் கணக்கு முறையாலும் அதன் சலுகையாலும் மட்டுமே. உண்மைக் கருவிகளில் எம்டியூ உயர்வு கட்டாயம் தேவை.

எனது பார்வையில் மூன்றாவது முடிவுதான் இவற்றுள் முக்கியமானது. பிரிட்ஜின் இயல்பான பிவிஐடி சுழியமாக்கப்பட்டு, நடுச் சுவிட்சின் எல்லாப் போர்ட்டுகளிலிருந்தும் விலேன் 1 நீக்கப்பட்டது. அதன்பின் நெறிமுறையை மீண்டும் வேண்டுமென்றே 802.1கியூ என்று தவறாக வைத்துச் சோதித்தனர். இம்முறை ஒரு பிங்கும் செல்லவில்லை. ஒதுங்குவதற்கு விலேன் இல்லாத ஃபிரேம் கைவிடப்படுகிறது. அமைப்பில் பிழை இருந்தால் முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடுகிறது. விலேன் 1 என்ற இயல்புநிலைதான் பிழையான அமைப்பைச் சரியானது போலத் தோன்றச் செய்திருந்தது.

திருத்திய பின்னும் எஞ்சியவை

வெளி டேக் சரியாக இயங்கிய பின்னும், விஆர்ஆர்பி சோதனை வேறொரு குறையை வெளிக்கொணர்ந்தது. இது அமைப்புப் பிழையன்று, இந்த முறையின் இயல்பான வரம்பு. முதல் வாடிக்கையாளர் விலேன் 10, 20 இரண்டிலும் குழு எண் 1-ஐயே வைத்திருந்தார். சுமையைப் பங்கிட, 10-க்குக் கிழக்கும் 20-க்கு மேற்கும் முதன்மை. அவருடைய சொந்தச் சுவிட்சுகள் விலேன் வாரியாக முகவரி கற்பதால் அங்கே சிக்கல் இல்லை. சேவை நிறுவனத்தின் சுவிட்சுகளோ வெளி டேக்கான 100-ஐ மட்டுமே பார்த்துக் கற்கின்றன. உள்ளே 10 இருக்கிறதா 20 இருக்கிறதா என்பது அவற்றுக்குப் பொருட்டன்று. ஆகவே 100 என்ற ஒரே விலேனுக்குள் ஒரே முகவரி இரண்டு திசைகளிலிருந்தும் நொடிக்கொருமுறை அறிவிக்கப்பட்டு, பழைய இழப்பு ஒரே வாடிக்கையாளருக்குள் மீண்டும் தோன்றியது.

இரண்டு வழிகள் ஆராயப்பட்டன. வாடிக்கையாளர் ஒவ்வொரு விலேனுக்கும் வெவ்வேறு குழு எண் வைத்துக்கொள்வது ஒன்று. இரண்டே முனைகள் கொண்ட சேவையில் முகவரி கற்றலையே நிறுத்திவிடுவது மற்றொன்று. இரண்டு போர்ட்டுகள் மட்டுமுள்ள விலேனில், ஒன்றில் வருவதை மற்றொன்றில் அனுப்புவதைத் தவிர வேறு தேர்வு இல்லை என்பதால் கற்றலுக்கு அங்கே பயனில்லை. லினக்ஸ் பிரிட்ஜில் கற்றலைப் போர்ட் முழுமைக்கும்தான் நிறுத்த முடிந்தது. விலேன் வாரியாக நிறுத்துவதை உண்மைக் கருவிகளில்தான் சோதிக்க வேண்டியிருந்தது. முதல் வழி சேவை விவரக் குறிப்பில் பரிந்துரையாக எழுதப்பட்டது; இரண்டாவது, மாற்ற இயலாத வாடிக்கையாளருக்கான மாற்று ஏற்பாடாக வைக்கப்பட்டது.

முன்னுரிமை பிட்டுகளையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் தன் தொலைபேசிப் போக்குவரத்துக்கு 5 என்று குறித்து அனுப்பியபோது, உள் டேக்கில் 5 இருந்தது. விளிம்பு ஏற்றிய வெளி டேக்கில் 0 இருந்தது. நடுச் சுவிட்சு வெளி டேக்கை மட்டும் பார்ப்பதால், நெரிசலின்போது குரல் அழைப்புக்கு எந்தச் சலுகையும் கிடைக்காது. விளிம்பில் நுழையும்போதே உள் முன்னுரிமையை வெளிக்குப் படியெடுக்கும் விதி தனியே எழுதப்பட்டது.

வாடிக்கையாளரின் எஸ்டிபி (வலையமைப்பில் வளையங்களைத் தடுக்கும் நெறிமுறை) ஃபிரேம்கள் தடையின்றிக் கடந்தன. 802.1ஏடி நெறிமுறையில் சேவை நிறுவனத்தின் பிரிட்ஜுகள் தங்களுக்குள் 01-80-சி2-00-00-08 என்ற வேறு முகவரியைப் பயன்படுத்துவதால், வாடிக்கையாளருடையதோடு மோதல் இல்லை. எல்ஏசிபி (பல கம்பிகளை ஒரே இணைப்பாகக் கட்டும் நெறிமுறை) கடக்கவில்லை, அது ஒரு கம்பியின் இரு முனைகளுக்கு மட்டும் உரியது என்பதால் கடக்கவும் கூடாது.

உண்மைக் கருவிகளுக்கு மாற்றியபோது

ஆய்வகத்திலிருந்து அணி எடுத்துச் சென்றது ஒரு சோதனை வரிசையே. ஒவ்வொரு கருவியின் ஒவ்வொரு ட்ரங்க் போர்ட்டிலும் வெளி டேக்கின் வகை எண் என்ன என்று முதலில் கேட்கப்பட்டது. தரம் வருவதற்கு முன் தயாரிப்பாளர்கள் 9100, 9200 போன்ற எண்களையும், வெளியிலும் 8100-ஐயே வைக்கும் முறையையும் பயன்படுத்தி வந்ததால், பழைய கருவி உள்ள வலையமைப்பில் இந்தக் கேள்வி சம்பிரதாயமன்று. பாதையில் இருந்த பழைய சுவிட்ச் ஒன்று வெளி டேக்குக்கும் 8100-ஐ மட்டுமே ஏற்றது. அதை எதிர்கொள்ளும் போர்ட்டில் மட்டும் வெளி வகையை 8100 என்று வைத்து, அந்தக் கருவியை மாற்றும்வரை அவ்வாறே விடுவது என்று முடிவானது.

இந்த விலக்கு ஒரு கூடுதல் கட்டுப்பாட்டை வேண்டியது. இரண்டு டேக்குகளும் ஒரே வகையாக இருக்கும்போது, வெளி விலேன் எண் ஏதேனும் ட்ரங்கின் நேட்டிவ் விலேனாக (டேக் இன்றிச் செல்லும் விலேன்) அமைந்துவிட்டால், அங்கே வெளி டேக் கழன்று, உள்ளிருக்கும் வாடிக்கையாளர் எண் சேவை நிறுவனத்தின் சொந்த விலேன் எண்ணாகப் படிக்கப்படும். வாடிக்கையாளர் ஒருவர் அறிந்தே அப்படி ஓர் எண்ணை உள்ளே வைத்து அனுப்பினால், பிறருடைய விலேனுக்குள் நுழைய முடியும். எனவே 100, 200 உள்ளிட்ட சேவை எண்கள் எதுவும் எந்த ட்ரங்கிலும் நேட்டிவ் விலேனாக இருக்கக் கூடாது என்றும், நேட்டிவ் விலேனும் டேக்குடனே செல்ல வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது.

எம்டியூவைப் பொறுத்தவரை, ஒரு கருவி தலைப்பைச் சேர்க்காமல் 1504 என்று கேட்கும். மற்றொன்று தலைப்பையும் டேக்குகளையும் சேர்த்து 1522 என்று கேட்கும். சரிபார்ப்புத் தொகையையும் சேர்த்து 1526 என்று கேட்பவையும் உண்டு. எண்ணை ஒப்பிடுவதை விடுத்து, துண்டாக்கலைத் தடுத்த 1472 பைட் பிங் செல்கிறதா என்பதையே ஒவ்வொரு இணைப்பிலும் அளவுகோலாக வைத்தனர். ஓர் இணைப்பில் அது செல்லவில்லை. போர்ட் ஒன்றின் எம்டியூ பழைய மதிப்பிலேயே இருந்தது தெரிந்து, வாடிக்கையாளரை இணைப்பதற்கு முன்பே திருத்தப்பட்டது.

முதல் வாடிக்கையாளர் தன் விஆர்ஆர்பி குழு எண்களை மாற்றிக்கொள்ள இசைந்தார். இரண்டாமவரின் ரௌட்டர்களை வேறொரு ஒப்பந்ததாரர் பராமரித்ததால் மாற்றம் தாமதமாகும் என்று தெரிந்தது. அவருடைய வெளி விலேனில் முகவரி கற்றல் நிறுத்தப்பட்டது. இரண்டு சேவைகளும் இழப்பின்றி இயக்கத்துக்கு வந்தன.

மாற்றிச் செய்ய வேண்டியவை

அணி தன் ஆய்வக ஸ்கிரிப்டுகளில் செய்த முதல் மாற்றம், எந்தப் பிரிட்ஜையும் இயல்பான பிவிஐடி சுழியமாகவே உருவாக்குவது. விலேன் நெறிமுறையை ஒவ்வொரு கருவிக்கும் வெளிப்படையாக எழுதுவது. அது எழுதப்படாவிட்டால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடுவது. பழைய ஸ்கிரிப்டிலிருந்து எடுப்பதைத் தடை செய்யவில்லை. அப்படித் தடை செய்தால் எவரும் பின்பற்றப் போவதில்லை. எடுத்தாலும் தீங்கு விளையாதபடி ஸ்கிரிப்டை அமைப்பதே சரி.

இரண்டாவதாக, ஒரு கட்டம் முடிந்தது என்று குறிக்க, பிங் பதில் மட்டும் போதாது என்று வரையறுத்தனர். செல்ல வேண்டியது செல்கிறது என்பதோடு, செல்லக் கூடாதது செல்லவில்லை என்பதும் காட்டப்பட வேண்டும். நடுச் சுவிட்சின் மேக் அட்டவணையில் முகவரிகள் எதிர்பார்த்த வெளி விலேனின் கீழ் இருப்பதும் காட்டப்பட வேண்டும். கம்பியில் எடுக்கும் பதிவு, சுவிட்ச் எதைக் கடத்தியது என்பதைச் சொல்லும். எந்த விலேனாகக் கருதிக் கடத்தியது என்பதைச் சொல்லாது. இந்த வேறுபாட்டை இளம் பொறியாளர்களுக்குச் சொல்லிக் கொடுக்க, நடுச் சுவிட்சைத் தவறான நெறிமுறையில் வைத்து, விலேன் 1-ஐயும் திரும்பச் சேர்த்து, பதிவையும் மேக் அட்டவணையையும் அருகருகே காட்டும் பயிற்சி ஒன்று சேர்க்கப்பட்டிருக்கிறது.

மூன்றாவது இன்னும் முடியவில்லை. இந்த ஆய்வகத்தில் எம்டியூவை உண்மைக்கு நெருக்கமாகச் சோதிக்க வழியில்லை; கெர்னலின் 4 பைட் சலுகை குறுக்கே நிற்கிறது. நடுச் சுவிட்சின் நுழைவாயிலில் ஃபிரேமின் முழு நீளத்தை அளந்து, குறித்த எல்லையைத் தாண்டினால் கைவிடும் வடிகட்டி ஒன்றை எழுதும் முயற்சி நடந்து வருகிறது. அது அமையும்வரை, அளவு குறித்த எந்த முடிவையும் மெய்நிகர் ஆய்வகத்தின் அடிப்படையில் கையெழுத்திடக் கூடாது என்று அணியின் சரிபார்ப்புப் பட்டியலில் எழுதப்பட்டுள்ளது.